முகவரியோடு முடியாத வேலை: சீரியல் கருவிகளை நெட்வொர்க்கில் சேர்ப்பது குறித்து

எடைமேடையில் லாரியின் எடையைக் காட்டும் இண்டிகேட்டர், மின்பலகையில் பொருத்திய எனர்ஜி மீட்டர், டீசல் ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுக் கருவி, ரத்தப் பரிசோதனைக் கூடத்து அனலைசர். இவற்றில் கணிசமானவை இன்றும் வெளியுலகோடு பேசுவது சீரியல் போர்ட் வழியாகத்தான். ஆர்எஸ்-232 தரம் அமெரிக்காவில் 1960இல் வந்தது. மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக மோட்பஸ் நெறிமுறையை உருவாக்கியது 1979இல். ஆர்எஸ்-485 வந்தது 1983இல். வயதாகிவிட்டது என்பதற்காக இவற்றை யாரும் கழற்றி எறியவில்லை, எறியவும் தேவையில்லை. முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பியில் 1,200 மீட்டர் தூரம் வரை 32 கருவிகளைத் தொங்கவிட்டு, மோட்டார் இரைச்சலுக்கு நடுவே தகவலைச் சேதமில்லாமல் கொண்டுவரும் முறை ஆர்எஸ்-485. கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ரிங் ஃபிரேம் வரிசைக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மேலாளர் தன் மேசையில் பார்க்கிறார் என்றால், அந்த எண் பெரும்பாலும் இப்படியொரு கம்பியில் கிளம்பி வந்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் மேலாளரின் மேசைக்கு வருவது ஈதர்நெட். இரண்டுக்கும் நடுவே தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் சீரியல் கம்பி, மறுபக்கம் நெட்வொர்க் கேபிள். தயாரிப்பாளர்கள் இதை சீரியல் டிவைஸ் சர்வர் என்பார்கள். கடைத்தெருவில் கன்வெர்ட்டர் என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தைவானின் மோக்ஸா, அமெரிக்காவின் லான்ட்ரானிக்ஸ், டிஜி ஆகியவை பழைய பெயர்கள். யுஎஸ்ஆர், வேவ்ஷேர் போன்ற சீனத் தயாரிப்புகள் விலையைக் கீழே இழுத்து, சிறு பட்டறைக்குள்ளும் இதைக் கொண்டுவந்துவிட்டன.

இந்தப் பெட்டியை அமைப்பது பற்றிய கையேடுகள் பலவும் ஐபி முகவரியில் தொடங்கி, பிங் செய்து பதில் வந்ததும் வேலை முடிந்ததுபோலப் பேசுகின்றன. பதில் வந்ததும் தொழில்நுட்பரும் லேப்டாப்பை மூடிவிடுகிறார். என் கருத்தில், அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. முகவரி கொடுப்பது இந்தப் பெட்டியின் அமைப்புகளில் ஆகச் சுலபமானது. யார் யாரை அழைப்பது, பைட்டுகளை எப்போது அனுப்புவது, அறுந்த இணைப்பை எப்போது கைவிடுவது, யாரை உள்ளே விடுவது ஆகிய நான்கும்தான் ஒரு நிறுவலின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றைத் தொடாமல் விட்டால், தயாரிப்பாளர் எங்கோ உட்கார்ந்து வைத்த இயல்பு மதிப்புகள் உங்கள் ஆலையை நடத்தும்.

முகவரியையே முதலில் பார்த்துவிடலாம். திரையும் இல்லாத, விசைப்பலகையும் இல்லாத ஒரு பெட்டிக்கு முதல் முகவரியைச் சொல்வது எப்படி என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாகப் பல பதில்கள் வந்திருக்கின்றன. பெட்டியின் சீரியல் போர்ட்டையே கன்சோலாகப் பயன்படுத்துவது மிகப் பழைய வழி. லான்ட்ரானிக்ஸின் பல மாடல்களில், 9600 வேகத்தில் டெர்மினலைத் திறந்து, எக்ஸ் எழுத்தை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் அமைப்புப் பட்டியல் வந்துவிடும். இரண்டாவது, ஏஆர்பி வழி. பெட்டியின் அடியில் அச்சிட்ட மேக் முகவரியையும், நாம் கொடுக்க விரும்பும் ஐபி முகவரியையும் கணினியின் ஏஆர்பி அட்டவணையில் கையால் இணைத்துவிட்டு, அந்த முகவரிக்கு டெல்நெட் செய்ய வேண்டும். லான்ட்ரானிக்ஸில் முதலில் போர்ட் 1க்கு ஒரு முயற்சி. அது தோற்கும், ஆனால் பெட்டி அந்த முகவரியைத் தற்காலிகமாகத் தனதாக்கிக்கொள்ளும். உடனே போர்ட் 9999இல் நுழைந்து நிரந்தரமாக எழுதிவிடலாம். மோக்ஸாவின் என்போர்ட் வரிசையில் இதே வேலைக்குப் போர்ட் 6000. தேடும் மென்பொருள் கைவிடும் நேரத்தில் இந்தப் பழைய வழி இன்றும் காப்பாற்றுகிறது. புதிதாக வரும் தொழில்நுட்பர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது எல்லாரும் பயன்படுத்துவது தேடும் மென்பொருளைத்தான். அது நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு யுடிபி ஒலிபரப்பை அனுப்பும். பெட்டிகள் தங்கள் மேக் முகவரியோடு பதில் சொல்லும். மோக்ஸாவுக்குப் போர்ட் 4800, லான்ட்ரானிக்ஸுக்கு 30718. ஒலிபரப்பு ரூட்டரைத் தாண்டாது, வேறு விலேனுக்குள் நுழையாது. லேப்டாப்பில் வைஃபையும் கேபிளும் சேர்ந்து இயங்கினால், மென்பொருள் வைஃபை பக்கம் கூவிவிட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். விண்டோஸ் ஃபயர்வால் பதிலை வாசலிலேயே நிறுத்தலாம். பெட்டி பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் வைஃபையை அணைத்து, லேப்டாப்பையும் பெட்டியையும் ஒரே கேபிளில் நேராக இணைத்துப் பார்ப்பது நல்லது.

நான்காவது வழி, தயாரிப்பாளரிடமிருந்தே வரும் இயல்பு முகவரி. மோக்ஸா என்போர்ட்டுக்கு 192.168.127.254, யுஎஸ்ஆரின் பல மாடல்களுக்கு 192.168.0.7. லேப்டாப்பின் முகவரியை அதே வரிசைக்குக் கையால் மாற்றிவிட்டு, பிரவுசரில் திறந்தால் போதும். பத்துப் பெட்டி வாங்கினால் பத்தும் அதே முகவரியோடுதான் வரும். எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச்சில் செருகிவிட்டு அமைக்க உட்காருவதால் வரும் குழப்பம் சொல்லி மாளாது. ஒவ்வொன்றாகச் செருகி, மாற்றி, பெயர் எழுதி ஒட்டி, பிறகு அடுத்ததை எடுக்க வேண்டும்.

நிலையான முகவரியா, டிஎச்சிபியா? அலுவலக நெட்வொர்க்குகளைப் பராமரிப்பவர்கள் டிஎச்சிபியில் முன்பதிவு செய்வதையே விரும்புவார்கள். எல்லா முகவரியும் ஓரிடத்தில் இருக்கும், மாற்றுவதும் எளிது. அவர்கள் தரப்பில் நியாயம் உண்டு. ஆனால் ஆலைத் தளத்தில் இரண்டு காரணங்களால் நான் நிலையான முகவரியின் பக்கம் நிற்கிறேன். மின்தடை முடிந்து எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது, பெட்டி சில நொடிகளில் எழுந்துவிடும், முகவரி தரும் ரூட்டருக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் கேட்டுப் பார்த்துச் சலித்த பெட்டி, மாடலைப் பொறுத்து, இயல்பு முகவரிக்கோ 169.254 என்று தொடங்கும் தற்காலிக முகவரிக்கோ போய்விடக்கூடும். அடுத்தது, முன்பதிவு மேக் முகவரியோடு கட்டப்பட்டது. நள்ளிரவில் பெட்டி எரிந்துபோய் உதிரிப் பெட்டியை மாட்டினால் மேக் மாறிவிடும். டிஎச்சிபி சர்வரின் கடவுச்சொல் தெரிந்தவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

கேட்வே பற்றி ஒரு சொல். பெட்டியோடு பேசும் கணினி அதே சப்நெட்டில் இருந்தால் கேட்வே தேவையே இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், வேறு நெட்வொர்க்கிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் அனுப்பப் பெட்டிக்கு வழி தெரியாது. ஃபயர்வாலுக்கு மாற்று என்று இதைச் சொல்ல மாட்டேன். செலவில்லாத கூடுதல் தாழ்ப்பாள் என்ற அளவில் மதிக்கலாம். நேரக் குறிப்புக்காகவோ மேகச் சேவைக்காகவோ பெட்டி வெளியே போக வேண்டியிருந்தால் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் கட்டாயம் வேண்டும்.

இனி இயக்க முறை. அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

பழைய மென்பொருள்கள் காம் போர்ட்டைத் தவிர வேறெதையும் அறியாதவை. அவற்றுக்காக, கணினியில் ஒரு டிரைவரை நிறுவி, தொலைவில் உள்ள பெட்டியைக் கணினியின் சொந்தக் காம் போர்ட் போலக் காட்டும் வழி உண்டு. மோக்ஸா இதை ரியல் காம் என்கிறது. இந்த முறையில் பாட் ரேட், பாரிட்டி எல்லாம் மென்பொருள் காம் போர்ட்டைத் திறக்கும்போது சொல்வதுதான் செல்லுபடியாகும். பெட்டியின் வலைப்பக்கத்தில் 19200 என்று மாற்றிவிட்டு, ஏன் 9600இலேயே ஓடுகிறது என்று குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும். ஃபயர்வால் நடுவே இருந்தால் தரவுக்கு 950இலிருந்தும், கட்டளைக்கு 966இலிருந்தும் தொடங்கும் போர்ட்டுகளைத் திறந்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் வேலை நடக்காது.

தயாரிப்பாளர் சாராத வழியாக 1997 அக்டோபரில் ஆர்எஃப்சி 2217 வந்தது. டெல்நெட் இணைப்புக்குள்ளேயே வேகம், பாரிட்டி, கட்டுப்பாட்டுக் கம்பிகளின் நிலை ஆகியவற்றைச் சொல்லும் ஏற்பாடு அது. நல்ல தரம், ஆனால் டெல்நெட்டின் விதி ஒன்று கூடவே வருகிறது: 255 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் அதை இரட்டித்து அனுப்ப வேண்டும். ஒரு முனை இந்த விதியை அறிந்தும் மறுமுனை அறியாமலும் இருந்தால், எழுத்துகள் மட்டும் போகும் வரை எல்லாம் சரியாக ஓடும். இருமத் தரவில் 255 வரும் நாளில் செக்சம் தப்பும். மாதம் ஒருமுறை மட்டும் வரும் மர்மப் பிழைகளில் சில இப்படிப் பிறந்தவைதான்.

எளிமையானது வெறும் டிசிபி. பெட்டி சர்வராகக் காத்திருக்கலாம் (மோக்ஸாவில் இயல்பாகப் போர்ட் 4001, லான்ட்ரானிக்ஸில் 10001), அல்லது கிளையண்டாகத் தானே வெளியே அழைக்கலாம். ஒரே கட்டடத்துக்குள் என்றால் காத்திருக்கும் முறை நல்லது. தொலைதூரப் பம்ப் அறையில் 4ஜி சிம் போட்ட ரூட்டரின் பின்னால் பெட்டி இருந்தால் நிலைமை தலைகீழ். மொபைல் நிறுவனங்கள் சாதாரண சிம்முக்குப் பொது முகவரி தருவதில்லை, ஆகவே வெளியிலிருந்து யாரும் உள்ளே அழைக்க முடியாது. பெட்டியே கிளையண்டாகி மைய சர்வரை அழைப்பதுதான் அங்கே வழி. பொது முகவரியுள்ள சிறப்பு சிம்மை வாங்கிப் போர்ட்டைத் திறந்துவைப்பதைவிட இது பாதுகாப்பானதும்கூட.

மோட்பஸ் கருவிகளுக்கு இன்னொரு கேள்வி உண்டு: பெட்டி வெறும் பைட் கடத்தியா, மோட்பஸ் கேட்வேயா? மோட்பஸ் டிசிபி சட்டகத்தின் முன்னால் 7 பைட் தலைப்பு உண்டு, கடைசியில் சிஆர்சி கிடையாது. சீரியலில் ஓடும் ஆர்டியு சட்டகத்தில் தலைப்பு இல்லை, சிஆர்சி உண்டு. கேட்வே இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கும்; வெறும் கடத்தி வந்ததை அப்படியே தள்ளிவிடும். மென்பொருளில் மோட்பஸ் டிசிபி என்று தேர்ந்தெடுத்து, பெட்டியை வெறும் டிசிபி சர்வராக வைத்தால், மீட்டருக்குப் புரியாத பைட்டுகள் போகும். அது வாயே திறக்காது. பிங் வருகிறது, போர்ட் திறக்கிறது, பதில் மட்டும் இல்லை. தொழில்நுட்பர் ஏணியில் ஏறி ஏ கம்பியையும் பி கம்பியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். தவறு கம்பியில் இல்லை, ஒரு தேர்வுப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டு மென்பொருள்கள் ஒரே மீட்டர் வரிசையைப் படிக்க வேண்டியிருந்தால் மோட்பஸ் கேட்வே இல்லாமல் தீராது. வெறும் டிசிபியில் இணைப்பு எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாகக் கூட்டினால் இருவரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஆனால் ஆர்எஸ்-485 கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் இருக்க முடியும். ஒருவரின் கேள்விக்கு வந்த பதில் இருவருக்கும் போய்ச் சேரும், கேள்விகள் மோதிக்கொள்ளும். கேட்வே கேள்விகளை வரிசையில் நிறுத்தி, கேட்டவருக்கே பதிலைத் திருப்பித் தரும்.

நேரம் சார்ந்த அமைப்புகளைக் கையேடுகள் கடைசி அத்தியாயத்தில் ஒளித்துவைக்கின்றன. சீரியல் கம்பியில் பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்துவரும். நெட்வொர்க்கில் அவை பொட்டலமாகப் போகும். எப்போது பொட்டலத்தைக் கட்டி முடிப்பது என்று பெட்டி முடிவெடுக்க வேண்டும். பல எடைமேடை இண்டிகேட்டர்கள் ஒவ்வொரு எடையின் முடிவிலும் 13 என்ற மதிப்புள்ள வரிமுடிவு எழுத்தை அனுப்புகின்றன. அதையே எல்லைக்குறியாக வைத்தால் ஒரு பொட்டலத்துக்கு ஒரு முழு எடை. வைக்காவிட்டால் 24,560 கிலோ என்பது 24 ஒரு பொட்டலத்திலும் 560 மறு பொட்டலத்திலும் வரலாம், பொறுப்பில்லாமல் எழுதிய பில்லிங் மென்பொருள் அதை 560 கிலோ என்று படிக்கலாம். மோட்பஸ் ஆர்டியுவில் எல்லைக்குறி கிடையாது. மூன்றரை எழுத்து நேர மௌனமே சட்டகத்தின் முடிவு. 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். அங்கே மௌனத்தை அளந்து அனுப்பும் அமைப்பைப் பயன்படுத்த வேண்டும்.

வேகத்தைப் பற்றிய எதிர்பார்ப்பும் கணக்கோடு இருக்கட்டும். ஒரு மீட்டரிலிருந்து 10 ரெஜிஸ்டர் படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். எழுத்துக்கு 11 பிட் வீதம் 9600 வேகத்தில் இது கம்பியில் மட்டும் சுமார் 38 மில்லிசெகண்ட். மீட்டர் பதில் தயாரிக்கும் நேரமும் இடைவெளிகளும் சேர்ந்து 100 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்தால், 30 மீட்டரை ஒரு சுற்று சுற்ற 3 நொடி. மென்பொருளில் ஒரு நொடிக்கு ஒருமுறை என்று போட்டுவிட்டு நெட்வொர்க்கைக் குறை சொல்வதில் பயனில்லை. கிகாபிட் சுவிட்ச் வாங்கினாலும் கம்பியின் 9600 மாறப்போவதில்லை. அதே காரணத்தால், மென்பொருளின் காத்திருப்பு நேரம் கேட்வேயின் காத்திருப்பு நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மென்பொருள் பொறுமையிழந்து அடுத்த கேள்வியைக் கேட்ட பிறகு முந்தைய பதில் வந்து சேரும். வெறும் டிசிபியில் ஆர்டியு ஓடினால் அந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்று சொல்ல சட்டகத்தில் வரிசை எண்ணும் இல்லை. மூன்றாவது மீட்டரின் அளவு நான்காவதன் பெயரில் பதிவாகும்.

அறுந்த இணைப்பின் கதையும் இதே இனம். கணினி திடீரென நின்றுபோனால் பெட்டிக்கு அது தெரியாது. பழைய இணைப்பு உயிரோடு இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஒரே இணைப்பை அனுமதிக்கும் பெட்டியில், மீண்டும் எழுந்த கணினிக்கு இடம் கிடைக்காது. மோக்ஸாவில் இணைப்பு உயிரோடு உள்ளதா என்று சோதிக்கும் நேரம் இயல்பாக 7 நிமிடம். லினக்ஸ் தன் பங்குக்கு வைத்திருக்கும் இயல்பு மதிப்பு 7,200 நொடி, அதாவது 2 மணி நேரம். எடைமேடையில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது 7 நிமிடமே அதிகம். ஒரு நிமிடத்துக்குக் குறைப்பதால் உள்ளூர் நெட்வொர்க்கில் எந்தக் கெடுதலும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது மட்டும் குரலை உயர்த்தத் தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே நடந்தவை ஊகமல்ல. 2013இல் எச் டி மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இணையத்தைத் துழாவி, சீரியல் சர்வர்கள் 1,14,000க்கும் மேற்பட்டவை வெளிப்படையாக நிற்பதைக் கண்டார். அவற்றில் 13,000க்கு மேல் கடவுச்சொல் ஏதும் கேட்காமல் நிர்வாக அணுகலையே கொடுத்தன. லான்ட்ரானிக்ஸின் சில பழைய கருவிகளில், 30718 போர்ட்டுக்கு ஒரு சிறு வினவல் அனுப்பினால் டெல்நெட் கடவுச்சொல்லையே பதிலாகப் பெற முடிந்தது. கடவுச்சொல் வைத்தவர் பத்திரமாக இருப்பதாக நம்பியிருப்பார்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள், கட்டுப்பாட்டு அறைக் கணினிகள் வழியாக பிரேக்கர்களைத் திறந்து சுமார் 2,25,000 நுகர்வோரை இருளில் தள்ளினார்கள். அதோடு விடவில்லை. துணைமின் நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் ஃபர்ம்வேரை அழித்து எழுதினார்கள். கட்டுப்பாட்டு அறை மீண்டும் கைக்கு வந்தாலும் அங்கிருந்து பிரேக்கரை மூட முடியாதபடி ஆனது. ஊழியர்கள் நிலையம் நிலையமாகப் போய்க் கையால் மூடினார்கள். மின்சாரம் சில மணி நேரத்தில் திரும்பியது. ஆனால் கட்டுப்பாட்டு மையங்கள் இரண்டு மாதங்களுக்குப் பிறகும் முழுமையாகச் சீராகவில்லை. யாரும் கவனிக்காத சிறு பெட்டி எவ்வளவு பெரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தாக்கியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல், இணையக் கருவிகளுக்குத் தனித்தனிக் கடவுச்சொல் அல்லது முதல் பயன்பாட்டில் கட்டாயமாக மாற்றும் ஏற்பாடு வேண்டும் என்று சட்டம் நடைமுறையில் உள்ளது. புதிய மாடல்கள் அந்தத் திசையில் போகின்றன. ஆனால் இந்தப் பெட்டிகள் ஒருமுறை மாட்டினால் பதினைந்து ஆண்டு ஓடக்கூடியவை. சட்டத்துக்கு முன் வந்தவை மின்பலகைகளுக்குள் இன்னும் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் தனி விலேன், பயன்படாத டெல்நெட்டையும் எஸ்என்எம்பியையும் அணைப்பது, அனுமதிக்கப்பட்ட கணினிகளின் முகவரிகளை மட்டும் ஏற்கும் பட்டியல், தொலைவிலிருந்து பார்க்க விபிஎன் ஆகியவை குறைந்தபட்சம். போர்ட் ஃபார்வர்டிங் செய்து நேராக இணையத்தில் வைப்பதை எந்தச் சூழ்நிலையிலும் நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் பொறுப்பில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த வாரமே அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்துபாருங்கள். கடவுச்சொல் இன்னும் தயாரிப்பாளரிடமிருந்து வந்ததுதானா, உயிர்ச் சோதனை நேரம் எவ்வளவு, எந்த முறையில் ஓடுகிறது, யாரெல்லாம் உள்ளே வரலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அமைப்புக் கோப்பை ஏற்றுமதி செய்து, ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணோடு இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள். அதே மாடலில் ஓர் உதிரிப் பெட்டியையும் வாங்கி வையுங்கள். கோப்பு கையில் இருந்தால் எரிந்த பெட்டியை மாற்றப் பத்து நிமிடம் போதும், இல்லாவிட்டால் ஒரு ஷிப்ட் முழுவதும் போகும்.